தம்பி பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான் இருக்கிறது, வளைகுடா போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

பாம்பன் அண்ணன்:

எல்லோருக்கும் வணக்கம். தம்பிக்கு ஷார்ஜாவில் படகு என்ஜின் பழுதுபார்க்கிற பட்டறை ஒன்றில் வேலை இருப்பதாக ஒருவர் வந்து சொல்லியிருக்கிறார். தம்பி எட்டாவது வரைதான் படித்தான், ஆனால் பத்து வருஷமாக இங்கே விசைப்படகு என்ஜினைக் கழற்றி மாட்டுகிறான், சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். வேலையைப் பற்றிக் கவலை இல்லை. பாஸ்போர்ட்தான் கவலை. பெயர் என்ற இடத்தில் அவன் பெயர் மட்டும் இருக்கிறது, குடும்பப் பெயர் என்ற இடம் காலி. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் அச்சாகியிருக்கிறது. பள்ளிக்கூடச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியலோடு ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து.

ஒற்றைப் பெயர் இருந்தால் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள் என்று ஒருவர் சொல்கிறார், அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று ஏஜென்ட் சொல்கிறார். முதலில் விசிட் விசாவில் போகட்டும், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் வெளிநாட்டு வேலைக்குப் போனதில்லை. அங்கே எந்த ஆபீஸில் என்ன கேட்பார்கள், எதை இங்கேயே சரி செய்துவிட்டுப் போக வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அம்மா தினமும் கேட்கிறார்.

கீழக்கரைக் காக்கா:

தம்பி, நான் துபாயில் 27 வருஷம் இருந்துவிட்டு ஊருக்கு வந்தவன். நீங்கள் போவதற்கு முன்பே கேட்டது நல்லது. அங்கே நம் ஆட்கள் கவுண்டர் கவுண்டராக அலைவதில் பாதி, இங்கே நம் பேப்பரில் எழுதின பெயரால் வருவது. அங்கே உள்ள அதிகாரி கெட்டவர் என்று சொல்லிவிடுவோம். ஆனால் அவர் கையில் இருப்பது நாம் கொடுத்த காகிதம்தானே.

ஒற்றைப் பெயர் விஷயம் உண்மை. 2022 நவம்பர் 21 முதல் அமீரகத்தில் ஒற்றைப் பெயர் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாது என்று உத்தரவு வந்தது. அன்றைக்கு இங்கே எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை தெரியுமா, டிக்கெட் போட்டவர்கள் எல்லாம் விழித்துக்கொண்டு நின்றார்கள். சில நாளில், பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. குடியிருப்பு விசா, வேலை விசா உள்ளவர்களுக்கு முதல் பெயர், குடும்பப் பெயர் இரண்டு இடத்திலும் அதே பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அதனால் உங்கள் தம்பிக்குக் கதவு மூடிப் போகவில்லை. ஆனாலும் நான் உங்கள் இடத்தில் இருந்தால் பாஸ்போர்ட்டைத் திருத்தி, அப்பா பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் சேர்த்த பிறகுதான் அனுப்புவேன். ஏன் என்று சொல்கிறேன்.

அரபு நாட்டில் ஒருவருக்குப் பெயர் என்றால் தன் பெயர், வாப்பா பெயர், வாப்பாவுக்கு வாப்பா பெயர், அதற்கப்புறம் குடும்பப் பெயர். நான்கும் இருந்தால்தான் அவர்களுக்கு அது முழுப் பெயர். நமக்கு ஒரு பெயரும் முன்னால் ஓர் எழுத்தும் போதும். இந்த ஊரில் அந்த ஓர் எழுத்தை வைத்தே யார் மகன் என்று தெரிந்துவிடும். அங்கே அந்த எழுத்துக்கு அர்த்தம் கிடையாது. நம் பெயரைக் கம்ப்யூட்டரில் அரபியில் அடிக்கிற ஆள் தன் காதில் விழுந்தபடி அடிப்பான். என் பெயரில் முதல் பகுதி செய்யது. பாஸ்போர்ட்டில் சரியாக இருந்தது. டைப்பிங் சென்டரில் இருந்த பையன் அரபியில் அதை சயீது என்று அடித்துவிட்டான். நமக்குக் கேட்க ஒன்று மாதிரி இருக்கும், அரபியில் அது முற்றிலும் வேறு பெயர், நடுவில் ஓர் எழுத்து கூடுதல். இங்கிலீஷில் ஒரே ஆள், அரபியில் இன்னொரு ஆள். நான் சின்ன வயதில் ஓதப் போன இடத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவன், கார்டைக் கையில் வாங்கினதும் கண்டுபிடித்திருக்க வேண்டும். பார்க்காமல் பையில் வைத்துவிட்டேன். எட்டு மாதம் கழித்துப் பணம் அனுப்பப் போன இடத்தில் நிறுத்தினார்கள். அதைத் திருத்த ஆறு முறை லீவு போட்டேன், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளம் போனது.

அரபியில் 'ப' கிடையாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். பழம் என்று சொல்லும்போது வருகிற ப அங்கே இல்லை, பஸ்ஸில் வருகிற ப மட்டும்தான் உண்டு. பச்சையில் வருகிற ச்ச வும் இல்லை, ழ வும் இல்லை. ஆகவே பழனி, பிச்சை, பெரியசாமி என்ற பெயரெல்லாம் அங்கே வேறு உருவம் எடுக்கும். எங்கள் ஊர் முன்னோர் இதை எப்போதோ உணர்ந்து, அரபு எழுத்தில் தமிழ் எழுதுவதற்கென்று அர்வியில் புது எழுத்துகளே உண்டாக்கி வைத்தார்கள், அதில் ப உண்டு. அரசாங்கக் கம்ப்யூட்டரில் அது இல்லையே. அதனால் தம்பியிடம் சொல்லி வையுங்கள், தன் பெயர் அரபியில் எப்படி இருக்கும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் அந்தத் தாளையே காட்ட வேண்டும். முதல் கார்டில் எப்படி வந்ததோ அதுதான் கடைசி வரை.

அப்புறம் அமீரக அடையாள அட்டை எண் 784 என்று தொடங்கும், அடுத்த நான்கு இலக்கம் பிறந்த வருஷம். வருஷம் தப்பாக இருந்தால் அந்த எண்ணிலேயே தப்பு ஏறிவிடும். பிறந்த தேதியை மூன்று பேப்பரிலும் வைத்துப் பாருங்கள்.

தேவிபட்டினத்தான்:

காக்கா சொன்னதற்கு மேல் கொஞ்சம். நான் சவூதியில் தம்மாம் பக்கம் 14 வருஷம்.

பிறந்த தேதி விஷயம் எங்கள் தலைமுறைக்குப் பெரிய தலைவலி. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது சான்றிதழ் எதுவும் இல்லை. தலைமையாசிரியர் வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டேன், சரி ஐந்து வயது என்று ஜூன் மாதத் தேதி ஒன்றைப் போட்டார். அம்மா சொல்வது ஐப்பசி, அடைமழைக் காலம். அந்த ஜூன் தேதிதான் இன்றுவரை என் பிறந்தநாள், அதில் வருத்தம் இல்லை. ஆனால் பஞ்சாயத்தில் பிற்பாடு எடுத்த பிறப்புச் சான்றிதழில் உண்மைத் தேதி வந்துவிட்டது. இரண்டு தேதியோடு வேற்று நாட்டில் நிற்கிறவனைப் பார்த்தால் ஏமாற்றுக்காரன் என்றுதான் நினைப்பார்கள். எனக்கு இரண்டு தேதி வந்த கதையை எந்த மொழியில் எடுத்துச் சொல்வது? ஒரு தேதியை முடிவு செய்து எல்லாவற்றையும் அதற்கு ஏற்றபடி மாற்றிவிடுங்கள், இங்கே, தமிழ் பேசுகிற இடத்திலேயே.

சவூதிக்குப் போகிறவர்கள் கவனிக்க: எங்கள் காலத்தில் இகாமா, அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை, முடிகிற தேதி ஹிஜ்ரிக் கணக்கில் இருக்கும். அந்த வருஷம் 354 அல்லது 355 நாள்தான். இங்கிலீஷ் காலண்டரைப் பார்த்துக்கொண்டு இன்னும் பத்து நாள் இருக்கிறதே என்று உட்கார்ந்திருந்தவன் நடு ரோட்டில் சோதனையில் மாட்டினதைக் கண்ணால் பார்த்தேன். எண்ணும் படிக்கத் தெரிய வேண்டும். அவர்கள் எழுதும் 5 நம் பூஜ்யம் மாதிரி வட்டம், பூஜ்யம் வெறும் புள்ளி, 7 கீழே கூர்ந்திருக்கும், 8 அதையே கவிழ்த்தது, 6 பார்ப்பதற்கு நம் 7 போல. ஒரு மாலை உட்கார்ந்தால் வந்துவிடும். அந்த ஒரு மாலையைச் செலவழிக்காமல் பத்து வருஷம் இருந்தவர்களும் உண்டு.

பெயர் கூப்பிடுவதையும் சொல்லிவிடுகிறேன். மெடிக்கலுக்காகக் காலை ஆறு மணிக்கே போய் உட்கார்ந்தோம், நான்கு பேர். கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், எங்களில் ஒருவரையும் காணோம். "கருப்பையா, கருப்பையா" என்று மூன்று முறை கேட்டது. எங்களோடு வந்தவர் பக்கத்திலேயே இருக்கிறார், அசையவில்லை. அது அவருடைய அப்பா பெயர், அப்பா இறந்து நாலு வருஷம் ஆகிறது. அவர் கண் கலங்கிவிட்டது, எழுந்து போகவே தோன்றவில்லை என்றார். வரிசை போய்விட்டது, மறுநாள் வரச் சொன்னார்கள். அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அது தன்னைத்தான் என்று தம்பிக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

பாம்பன் அண்ணன்:

காக்கா, அண்ணே, இரண்டு பேருக்கும் நன்றி. இதையெல்லாம் இங்கே யாரும் சொல்லவில்லை. பேப்பர்களை எடுத்துப் பார்த்தேன், பிறந்த வருஷம் மூன்றிலும் ஒன்றுதான், நிம்மதி. பெயரில்தான் எழுத்து வித்தியாசம். விசிட் விசா பற்றி என்ன சொல்கிறீர்கள்? ஏஜென்ட் அவசரப்படுத்துகிறார், அடுத்த வாரமே பணம் கட்ட வேண்டுமாம்.

கீழக்கரைக் காக்கா:

வேண்டாம். விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம். பிடிபட்டால் பட்டறைக்காரர் இவன் யாரென்றே தெரியாது என்பார். விசா முடிந்த பிறகு தங்கினால் ஒரு நாளைக்கு 50 திர்ஹம் அபராதம். 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் கடைசி வரை பொது மன்னிப்பு கொடுத்தார்களே, அப்போது எங்கள் தெருவுக்கே இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் ஏழு வருஷம் விசா இல்லாமல் ஒளிந்து வாழ்ந்தவர், அவர் மகள் பெரியவளாகி நின்றதைக்கூடப் போனில்தான் பார்த்தார்.

தம்பி எட்டாவது என்கிறீர்கள். பத்தாவது தேறாதவர் என்றால் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற முத்திரை வகை வரும். அமீரகம், சவூதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா எல்லாம் சேர்ந்து 18 நாடுகள் அந்தப் பட்டியலில் உண்டு. அந்த வகைப் பாஸ்போர்ட்டோடு வேலைக்குப் போகிறவருக்கு மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு ஆகி, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வந்திருக்க வேண்டும். நமக்கு அந்த அலுவலகம் சென்னையில். இதைத் தொல்லை என்று நினைக்காதீர்கள். ஒப்பந்தம் அதில் ஏறிவிடும், சம்பளம் எவ்வளவு என்று எழுத்தில் இருக்கும், காப்பீடும் சேர்ந்தே வரும். பிரவாசி பாரதிய பீமா என்று பெயர், 10 லட்சம் ரூபாய்க்கு, இரண்டு வருஷத்துக்குக் கட்டணம் 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375. பதிவு பெற்ற ஏஜென்ட் கூலியாக வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். உங்கள் ஆள் எவ்வளவு கேட்கிறார்? பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் உடனே சொல்வார்.

பாஸ்போர்ட்டைத் திருத்த நமக்கு மதுரை மண்டல அலுவலகம். மறுவெளியீட்டுக்கு 36 பக்கம் 1,500 ரூபாய். அதற்கு முன்னால் ஆதாரைச் சரி செய்யுங்கள், பள்ளிச் சான்றிதழில் இருக்கிற எழுத்தையே எல்லாவற்றிலும் கொண்டு வாருங்கள்.

தங்கச்சிமடம் அக்கா:

நான் எப்போதும் படிப்பதோடு சரி. இன்று எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

என் வீட்டுக்காரர் வளைகுடாவில் மீன்பிடி வேலைக்குப் போனவர். எந்த நாடு என்று வேண்டாம். படகில் மயங்கி விழுந்து, கரைக்குக் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. அவரைக் கொண்டுவர 23 நாள் ஆனது.

கல்யாணத்துக்கு முன்பே எடுத்த பாஸ்போர்ட், அதில் மனைவி பெயர் இல்லை. எங்கள் கல்யாணம் கோயிலில் நடந்தது, பங்குச் சாமி கொடுத்த சான்றிதழ் இருந்தது, சார்பதிவாளர் ஆபீஸில் பதியவில்லை. பதிய வேண்டும் என்றே எங்களுக்குத் தெரியாது. 2009இல் வந்த சட்டப்படி எந்த மதமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டுமாம், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். நான் அவருக்கு மனைவி என்று நிரூபித்தால்தான் உடலை அனுப்பலாமா, அங்கேயே அடக்கம் செய்யலாமா என்று நான் சொல்கிற சொல் செல்லும். கோயில் சான்றிதழில் என் ஞானஸ்நானப் பெயர், ஸ்மார்ட் கார்டில் வீட்டில் கூப்பிடுகிற பெயர். இரண்டும் ஒருத்திதான் என்று எழுதி, விஏஓ, தாசில்தார் என்று போய், இராமநாதபுரத்தில் நோட்டரி வக்கீல் முன்னால் உட்கார்ந்து, அங்கே இருக்கிற ஊர்க்காரர் ஒருவருக்கு அதிகாரம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கி எழுத்து மாறிவிட்டது. பேங்க் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே போடுங்கம்மா என்றார் வக்கீல். மூன்றாவது தாளில்தான் சரியாக வந்தது.

அங்கே ஆஸ்பத்திரித் தாள், போலீஸ் தாள், இறப்புச் சான்றிதழ், நம் தூதரகத்தின் தடையில்லாச் சான்று, பாஸ்போர்ட்டை ரத்து செய்வது என்று ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. ஒரு தாளில் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததால் நான்கு நாள் நின்றது, நடுவில் வெள்ளி சனி விடுமுறை. அந்த ஊர்க்காரர் தன் வேலையை விட்டுவிட்டு ஆபீஸ் ஆபீஸாக நின்றார். அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. திருச்சி விமான நிலையத்தில் பெட்டியை வாங்கினோம். பெட்டி மேல் ஒட்டியிருந்த தாளிலும் பெயர் தப்பாகத்தான் இருந்தது.

தம்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா தெரியாது. ஆகியிருந்தால் பதிவு செய்து, பாஸ்போர்ட்டில் அந்தப் பெண் பெயரை ஏற்றுங்கள். எல்லாத் தாளிலும் ஒரு ஜெராக்ஸ் வீட்டில் இருக்கட்டும்.

பாம்பன் அண்ணன்:

அக்கா, படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுத வரவில்லை. தம்பிக்குக் கல்யாணம் ஆகி இரண்டு மாதம் ஆகிறது. 90 நாள் இன்னும் முடியவில்லை. திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன்.

மன்னார் மருமகள்:

இந்தப் பக்கத்துக் கதையையும் சொல்கிறேன். நீங்கள் எல்லாம் வெளியே போய் அந்நியராக நின்றவர்கள். நான் இங்கேயே, தமிழ் பேசுகிற ஊரில், வெளிநாட்டவள்.

என் ஊர் மன்னார் பக்கம். இவரைக் கட்டிக்கொண்டு இராமேஸ்வரம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர், அரிச்சல்முனையில் நின்றால் சில நேரம் போனில் எங்கள் பக்கத்து டவர் விழும். எங்கள் தாத்தா 1964 புயலுக்கு முன்னால் தனுஷ்கோடியில் கப்பல் ஏறி ஊர் திரும்பியவர், மதுரையில் வாங்கிய சேலையின் ரசீதுகூட வீட்டில் இருந்தது. நான் வந்தது கொழும்பிலிருந்து விமானத்தில், கையில் விசா.

திருமண விசாவில் வந்தால் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் என்று பதிவு செய்ய வேண்டும், நமக்கு அது மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம். இப்போது இணையத்தில்தான் விண்ணப்பம், இருந்தாலும் ஒரு முறையாவது நேரில் கூப்பிடுவார்கள். முதல் நாள் நான் வாயைத் திறந்ததும் அங்கே இருந்தவர் கேட்டது, "எந்த முகாம்மா?" முகாம் இல்லை, பாஸ்போர்ட்டும் விசாவும் இருக்கிறது என்றேன். அவர் கேட்டதில் கெட்ட எண்ணம் இல்லை, இலங்கை அகதிகள் முகாம் உள்ள மண்டபம் பக்கத்திலேயே இருக்கிறது, என் பேச்சு அவர்கள் பேச்சு மாதிரியே இருக்கிறது. ஆனால் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, மொழி ஒன்றாக இருப்பது ஆபீஸில் உதவாது, சில நேரம் அதுவே குழப்பும். நான் கந்தோர் என்றால் அவருக்குப் புரியவில்லை, ஆபீஸ் என்று சொல்ல வேண்டும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் என்றால் என்னம்மா அது என்கிறார், இங்கே பிறப்புச் சான்றிதழ். எங்கள் ஊரில் கச்சேரிக்குப் போகிறேன் என்றால் அரசாங்க அலுவலகத்துக்கு, இங்கே பாட்டுக் கேட்கப் போகிறேன் என்று அர்த்தம். கிராம சேவகர் எழுதிக் கொடுத்த கடிதத்தை நீட்டினேன், அவருக்கு அது என்ன பதவி என்றே தெரியவில்லை. இங்கே விஏஓ என்பார்களே, ஏறக்குறைய அவர் மாதிரி என்று என் மாமனார் விளக்கினார். வெள்ளைக்காரராக இருந்தால் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டிருப்பார்கள், என்னிடம் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு பாதியில் விட்டார்கள்.

குடியுரிமைக்கு நான் விண்ணப்பிக்க ஏழு வருஷம் இங்கே வசித்திருக்க வேண்டும், இன்னும் ஒரு வருஷம். ஒவ்வொரு விசா நீட்டிப்புத் தாளையும் கோப்பில் வரிசையாக வைத்திருக்கிறேன், ஒன்று தொலைந்தாலும் அந்த வருஷத்தை நிரூபிக்க முடியாது.

முகாமில் இருக்கிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் பேப்பரோடு வந்தவள், அவர்கள் உயிரைப் பிடித்துக்கொண்டு படகில் வந்தவர்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் நடுவில் இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியக் குடிமகன் என்பது சட்டம். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், அதைச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார், 2022இல் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் முதல் முறையாக ஓட்டுப் போட்டார். அவருக்கு அப்போது 38 வயது. கையில் மண்டபத்தில் பிறந்த சான்றிதழ் இருந்ததால் முடிந்தது. ஒரு பிறப்புச் சான்றிதழ், அவ்வளவுதான். 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்த வழியும் இல்லை, 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை.

தேவிபட்டினத்தான்:

தங்கச்சி, நீங்கள் சொன்னது மனதில் தைத்தது. சவூதியில் எனக்குத் தமிழ் பேசுகிற ஆள் ஒருவர் கவுண்டரில் இருந்தால் போதும் என்று எத்தனை முறை ஏங்கியிருக்கிறேன். தமிழ் பேசுகிற கவுண்டரிலேயே இப்படி என்றால் என்ன சொல்ல.

இங்கே படிக்கிறவர்களில் சர்க்கார் வேலையில் இருப்பவர்களும் இருக்கலாம். அவர்களுக்குச் சொல்கிறேன், "எந்த முகாம்" என்று கேட்பதற்கு முன்னால் "உட்காருங்கம்மா" என்று சொல்லுங்கள். ஜவாஸாத் என்கிற பாஸ்போர்ட் ஆபீஸில் ஒரு சவூதி அதிகாரி எனக்கு அதைச் செய்தார். என் தாள் தப்பு, திருப்பி அனுப்பித்தான் ஆக வேண்டும், ஆனால் நாற்காலியைக் காட்டி, காவா, அவர்கள் காப்பி, ஊற்றிக் கொடுத்து, எந்தத் தாள் வேண்டும் என்று என் தாளின் பின்பக்கமே அரபியில் எழுதி, இதை உன் மந்தூப்பிடம், அதாவது கம்பெனிக்காக ஆபீஸ் வேலை பார்க்கிறவரிடம், காட்டு என்றார். இருபது வருஷம் ஆகிறது.

கீழக்கரைக் காக்கா:

அதைச் சொல்ல வேண்டும் என்று நானும் நினைத்தேன். பாம்பன் தம்பி, கவுண்டரில் நிற்கிற முறையைச் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள். நம் ஊரில் ஜன்னலுக்குள் தாளை நீட்டிவிட்டு வேலையைச் சொல்வோம், நேரம் மிச்சம் என்று. அங்கே அது மரியாதைக் குறைவு. முதலில் ஸலாம். அப்புறம் எப்படி இருக்கிறீர்கள், அவர் பதில் சொல்லி முடிக்கட்டும். பிறகு வலது கையால் தாள். இடது கையால் நீட்டினால் முகம் மாறுவதைப் பார்க்கலாம். தம்பி ஸலாம் சொல்லலாமா, அவர் வேற்று மதம் ஆயிற்றே என்று தயங்க வேண்டாம், ஸபாஹுல் கைர் என்றாலும் போதும், காலை வணக்கம்தான்.

புக்ரா என்றால் நாளைக்கு என்று அர்த்தம். அந்தச் சொல்லை நம்பி மறுநாள் போய் நின்று கோபப்படாதீர்கள். இன்றைக்கு முடியாது என்பதை முகத்துக்கு நேராகச் சொல்ல மனமில்லாமல் சொல்வது அது. எந்தத் தாள் குறைகிறது என்று மென்மையாகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். குரல் உயர்த்தினால் அன்றைக்கு அந்தக் கதவு மூடும். நோன்பு மாதத்தில் அலுவலக நேரம் குறையும், ஷார்ஜாவில் வெள்ளிக்கிழமையும் விடுமுறை, அதை வைத்து நாளைத் திட்டமிட வேண்டும்.

பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது அங்கே சட்டப்படி தப்பு. கேட்டால் கொடுத்துவிடுகிறோம், நம் ஆட்கள் எல்லோரும் கொடுத்தோம். குறைந்தபட்சம் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து அண்ணனுக்கும் மனைவிக்கும் அனுப்பி வைக்கட்டும். பட்டறையில் பேப்பர் வேலை பார்க்கிறவர் ஒருவர் இருப்பார், பெரும்பாலும் மலையாளியாகவோ பாகிஸ்தானியாகவோ இருப்பார். அவரோடு நல்லபடியாகப் பழகட்டும், ஊரிலிருந்து கருவாடோ பனங்கற்கண்டோ கொண்டு போகட்டும். இதை லஞ்சம் என்று யாரும் நினைக்க வேண்டாம், நம் வீட்டுக்கு வருகிறவர் வெறுங்கையோடு வருவாரா?

பாம்பன் அண்ணன்:

எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஏஜென்டிடம் பதிவு எண் கேட்டேன். பிறகு சொல்கிறேன் என்றார், அதற்கப்புறம் போன் எடுக்கவில்லை. பணம் கட்டாமல் தப்பினோம். ஷார்ஜா பட்டறைக்காரருடைய நம்பரை வேறு வழியில் பிடித்துப் பேசினோம், அவர் கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர். முறையான வேலை விசாவே போடுகிறேன், மூன்று மாதம் ஆகும், பேப்பரைச் சரி செய்யுங்கள் என்றார்.

கல்யாணத்தைப் பதிந்துவிட்டோம், 71ஆவது நாள். ஆதார் திருத்தியாகிவிட்டது. நேற்று மதுரைக்குப் போய்ப் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர், மனைவி பெயர் இடத்தில் அந்தப் பிள்ளை பெயர். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். தன் பெயரைத் திரையில் எழுத்து எழுத்தாகக் காட்டச் சொல்லிக் கேட்டார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. கவுண்டரில் இருந்த பெண் ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்துச் சொன்னார், அப்பா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார், கடைசியில் சரிம்மா, அது நான்தான் என்றார்.

இனி போலீஸ் விசாரணை வர வேண்டும். காக்கா, தம்பி பெயரையும் அப்பா பெயரையும் அரபியில் ஒரு தாளில் எழுதித் தர முடியுமா? ஞாயிற்றுக்கிழமை கீழக்கரைக்கு அவனையே அனுப்புகிறேன், அந்த எண்களையும் அப்படியே உங்களிடம் படித்துக்கொள்ளட்டும்.

கீழக்கரைக் காக்கா:

அஸர் தொழுகைக்கு அப்புறம், சாயங்காலம் வரச் சொல்லுங்கள், வீட்டில்தான் இருப்பேன். நோட்டும் பென்சிலும் கொண்டு வரட்டும்.